பச்சைச் சீட்டுப் பெட்டி

பாதர்ஸ்ட்
2 ஜூன் 1984

அன்புள்ள நோலா,

நீயும் கிளெம்மும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் குளிர்கால மூட்டுவலி தவிர வேறு குறையில்லை. சொல்ல வேண்டியது அவசரமானது. அவசரத்தில் எனக்கு வரிசை குழம்பிவிடும் என்பது உனக்குத் தெரியும். ஆகவே முதலில் குறிப்பாக எழுதிக்கொள்கிறேன்.

1. கிளெம்முக்காக நான் அடைத்துக் கொடுத்து, ஈஸ்டருக்கு வந்தபோது நீ எடுத்துச் சென்ற தோட்டாக்களில் என்ன தவறு நடந்தது.
2. கிளெம் உடனே என்ன செய்ய வேண்டும்.
3. இது ஏன் மறுபடி நடக்காது.
4. இதில் உனக்குச் சம்பந்தம் எதுவும் இல்லை. செய்தியைக் கிளெம்மிடம் சேர்ப்பது மட்டுமே உன் வேலை.

முதலாவது. வெடிமருந்து நிறுக்க என்னிடம் இரண்டு தராசுகள் இருக்கின்றன. ஒன்று நான் வாங்கியது. மற்றது கிளெம்மின் அப்பா வைத்திருந்தது. உதிரிப் பாகத்துக்கு ஆகும் என்று கிளெம் கொடுத்தான். ஒரே கம்பெனி, ஒரே அச்சு. தட்டுகள் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், எடையில் மட்டும் வேறு. ஈஸ்டருக்கு முந்தின நாள் காலை இரண்டு தட்டுகளையும் கழுவித் துடைத்தேன். திரும்ப வைக்கும்போது மாறிவிட்டது. என் தராசில் லேசான தட்டு ஏறியது. தட்டு எவ்வளவு லேசோ அவ்வளவு மருந்து ஒவ்வொரு தோட்டாவிலும் கூடிவிட்டது. வேலைக்கு உட்காரும்போதெல்லாம் வெறும் தட்டை வைத்து முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். அன்று பார்க்கவில்லை. வயதானவனின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நேற்றுத்தான் கண்டுபிடித்தேன்.

இரண்டாவது. பச்சைச் சீட்டு ஒட்டிய பெட்டியிலிருந்து கிளெம் ஒன்றைக்கூடச் சுடக் கூடாது. ரைஃபிளின் பின்பக்கம் தாங்காமல் வெந்த காற்றும் பித்தளைத் துணுக்கும் சுடுகிறவன் முகத்திலேயே அடிக்கும். பெட்டியைத் தனியாகப் பூட்டி வைக்கட்டும். பழைய சிவப்புச் சீட்டுப் பெட்டியால் ஆபத்தில்லை.

மூன்றாவது. இரண்டாவது தராசைக் குப்பையில் போட்டுவிட்டேன். மற்றபடி என் ஒழுங்கு உனக்குத் தெரியும். வின்னி இருந்தவரை ஜாம் பாட்டில்கள் வைத்திருந்த குளிர்ந்த அலமாரியில் வெடிமருந்து டின்கள். மருந்தைப் பற்றவைக்கும் கேப்புகள் வேறு அறையில். மேசைமேல் ஒரு சமயத்தில் ஒரே டின். வேலை செய்யும்போது பேச்சில்லை, ரேடியோ இல்லை. இத்தனையும் வைத்திருந்தும் இப்படி ஆயிற்று என்பதால் 'மறுபடி நடக்காது' என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நான்காவது. தவறு செய்தவன் நான். துப்பாக்கி பிடிப்பவன் கிளெம். நடுவில் நீ தபால்காரி மட்டும். நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

நேற்று முழுக்க உங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. கடைசியில் உங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மேவிஸ்தான் பேசினாள். "அவங்க ரெண்டு பேரும் டப்போ போயிருக்காங்க சார். இந்த வாரம் முழுக்க இங்க இல்ல. கிளெம்முக்குப் பல்லு ஏதோ சரியில்லன்னு சொன்னாங்க" என்றாள். பல்வலி பொல்லாதது. ஆனாலும் அவன் துப்பாக்கி இருக்கிற இடத்தில் இல்லை என்று கேட்டதும் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து நன்றி சொன்னேன். மேவிஸிடமும் செய்தி சொல்லியிருக்கிறேன். அவள் பாதியை மறந்துவிடக்கூடும் என்பதால் இந்தக் கடிதம்.

கிளெம்மிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ஒரு வரி பதில் போதும்.

உன் அண்ணன்,
லிண்ட்சே


வில்காரா பண்ணை
கோபார் வழி
27 ஜூன்

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் நாங்கள் வீடு திரும்பியபோது தபால் பெட்டியில் கிடந்தது. பதில் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள்.

கிளெம் பச்சைச் சீட்டுப் பெட்டியிலிருந்து ஒன்றுகூடச் சுடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. பெட்டியை நான் எடுத்து வைத்துவிட்டேன்.

கடிதத்தைப் பற்றி அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்கண்ணன் எழுதறதப் பாத்தா நம்ம வீட்டுக் கூரையே பறந்துடுச்சோன்னு நெனைக்கத் தோணுது. முதல்ல ஒரு பிராந்திய ஊத்திக் குடிச்சிட்டுப் படுக்கச் சொல்லு."

எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதே. புதுக் கண்ணாடி இன்னும் பழகவில்லை. மழை இல்லை. ஆட்டுக்குட்டிகள் பிறக்கத் தொடங்கிவிட்டன. நீ கம்பளி பனியன் போடு.

நோலா


பாதர்ஸ்ட்
3 ஜூலை

அன்புள்ள நோலா,

உன் கடிதம் கிடைத்தது. 'ஒன்றுகூடச் சுடவில்லை' என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படித்துவிட்டு, நீ கேலி செய்வாய், உண்மையிலேயே பிராந்தி குடித்தேன். கிளெம்மின் பல் எப்படி இருக்கிறது? நீ அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. உன் கண்ணாடியை டாக்டரிடம் திரும்பக் காட்டு. வரிகள் தாளின் விளிம்பைத் தாண்டி ஓடியிருக்கின்றன.

நிம்மதி வந்துவிட்டது, ஆனால் அது தங்கவில்லை. நாற்பது வருஷம் மருந்துக்கடையில் நின்றவன் நான். டாக்டர் எழுதிய சீட்டிலேயே அளவு தப்பாக இருந்தால் போன் செய்து கேட்பேன். அவர்கள் என்னை முதுகுக்குப் பின்னால் 'சந்தேகச் சாமியார்' என்று சொன்னது எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான், பின்னால் ஒரு மனிதன் கன்னத்தை ஒட்டி வெடிக்கப் போகிற பொருளைச் சோதிக்காமல் அடைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. என் கையால் நான் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. எனக்குச் சத்தமே பிடிக்காது. எனக்குப் பிடித்ததெல்லாம் சுட்டு முடிந்து வரும் பித்தளைக் கூடுகளைத் துடைப்பதும், மருந்தை நிறுத்து அடைப்பதும், ஒன்றைப் போலவே இன்னொன்று வருவதும்தான். வின்னி போனபிறகு காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. 'கிளெம்மின் பெட்டி முடியவில்லை' என்பது காரணமாக இருந்தது. இதை உன்னிடம் முன்பு ஒருமுறை எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

ஆகவே நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். தோட்டா அழுத்தும் பிரஸை இங்கே துப்பாக்கி கிளப்பில் யாராவது வாங்கிக்கொள்வார்கள். கிளெம் கடையில் வாங்கிக்கொள்ளட்டும். விலை கூடுதல்தான், ஆனால் கண்ணுக்கும் கைக்கும் உத்தரவாதம்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பச்சைச் சீட்டுப் பெட்டி எனக்குத் திரும்ப வேண்டும். தபாலில் அனுப்பக் கூடாது. கிளெம் இந்தப் பக்கம் வரும்போது கொண்டுவரட்டும். பெட்டி நிறைந்திருப்பதைக் கண்ணால் பார்த்து, நானே ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்தைக் கொட்டினால்தான் இது முடிந்ததாக இருக்கும்.

அன்புடன்,
லிண்ட்சே


வில்காரா
29 ஜூலை

அன்புள்ள அண்ணா,

சுகம்தானே? இங்கே பரவாயில்லை. கிளெம் நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகத் திட்டுகிறான்.

பெட்டியை அனுப்ப முடியாது. கிளெம் அதைப் பழைய சுரங்கக் குழியில் போட்டுவிட்டான். வீட்டில் வைத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை என்று நான்தான் போடச் சொன்னேன். நீ வருத்தப்படாதே.

பிரஸை விற்காதே. ஒரு தட்டு மாறியதற்காக ஒரு மனுஷன் தன் மேசையையே விற்பானா? ஜாம் ஒருமுறை அடிப்பிடித்தது என்று வின்னி அடுப்பை விற்றாளா? கிளெம்மும் சொல்கிறான். "கடைத் தோட்டாவுல நான் சுட்டா நரிங்க வரிசைல நின்னு கை தட்டும். உங்கண்ணன வேலையப் பாக்கச் சொல்லு." நேற்று இரவு நரி இரண்டு குட்டிகளைக் கொன்றுவிட்டது. நாக்கை மட்டும் தின்றுவிட்டு மீதியைப் போட்டிருந்தது.

ஆகவே இதோடு சிவப்புச் சீட்டுப் பெட்டியின் காலிக் கூடுகளை ஒரு காப்பி டின்னில் அனுப்புகிறேன். துடைத்து, அடைத்து வை. அவசரமில்லை. ஆனால் செய். தயவுசெய்து செய், அண்ணா.

மேவிஸ் உன்னை விசாரித்தாள்.

நோலா


பாதர்ஸ்ட்
7 ஆகஸ்ட்

அன்புள்ள நோலா,

டின் பத்திரமாக வந்தது. நீங்கள் இருவரும் சுகமாயிருக்க வேண்டும் என்று இந்த முறை சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை.

கூடுகளை மேசையில் நிற்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் புத்தி எதையாவது பிடித்துக்கொண்டு விடாது என்பது உனக்குத் தெரிந்ததே. தவறாக இருந்தால் சிரித்துவிடு.

முன்பெல்லாம் கிளெம் அனுப்பும் டின்னைத் திறந்தால் சிவப்பு மண்ணும் முள்ளும் ஆட்டு ரோமமும் கொட்டும். நாய் கடித்த கூடு, வண்டிச் சக்கரம் ஏறிய கூடு எல்லாம் இருக்கும். எப்போதும் மூன்றில் ஒரு பங்கு குறையும். இரவில் நரி சுடுகிறவன் புல்லில் விழுந்த கூட்டைத் தேடிக்கொண்டு நிற்பானா? 'பொறுக்கினது இவ்ளோதான் மச்சான், மீதிய எறும்பு பாத்துக்கும்' என்று எழுதிய சீட்டு ஒன்று உள்ளே கிடக்கும்.

இந்த டின்னில் ஒன்றுகூடக் குறையவில்லை. எல்லாவற்றின் வாயிலும் ஒரே மஞ்சள் களிமண். உங்கள் பண்ணையில் மஞ்சள் களிமண் வறண்ட ஏரிக்கரையில் மட்டும்தான் உண்டு. யோசித்துப் பார்த்தால் போன டின்னும் இப்படித்தான் இருந்தது. அதற்கு முந்தினதும். கிளெம்முக்கு வயதாகிவிட்டது, பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். கேப்பில் விழுந்திருக்கும் ஊசிக் குறியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ரைஃபிள் அதேதான், சந்தேகமில்லை.

நேற்று இரவு படுக்கையில் இன்னொன்று தோன்றியது. எழுதத் தயக்கமாக இருக்கிறது. கிளெம் இங்கே தங்கும்போது பல் செட்டைக் கழற்றி என் சமையலறை டம்ளரில்தான் போட்டு வைப்பான். மேலும் கீழும் முழு செட். இருபது வருஷமாக அவன் வாயில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது.

டப்போவுக்கு எதற்காகப் போனீர்கள், நோலா?

நான் உன்னைச் சந்தேகிக்கவில்லை. என் தலையைத்தான் சந்தேகிக்கிறேன். ஒரு வரி எழுது.

லிண்ட்சே


பாதர்ஸ்ட்
1 செப்டம்பர்

அன்புள்ள கிளெம்,

நலமா? நோலாவுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டு முறை போன் செய்தேன். நோலா எடுத்து 'லைன் சரியில்ல அண்ணா, அப்புறம் பேசு' என்று வைத்துவிட்டாள். எனக்கு அவள் குரல் தெளிவாகவே கேட்டது.

நீ எனக்கு ஒருநாளும் கடிதம் எழுதியதில்லை. டின்னில் போடும் சீட்டும் மூன்று வருஷமாக வருவதில்லை. நான் உன்னைத் தொந்தரவு செய்யவும் மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து யாராவது சுட்டார்களா என்று மட்டும் சொல். உனக்கு ஒன்றுமில்லை என்று நோலா சத்தியம் செய்திருக்கிறாள். நம்புகிறேன். பிறகு ஏன் பயமாக இருக்கிறது என்று தெரியவில்லை.

லிண்ட்சே


வில்காரா
16 செப்டம்பர்

மச்சான்,

கையெழுத்தப் பாத்தியா? கோழி மையில மிதிச்சிட்டு நடந்த மாதிரி இருக்கும். இதுக்கே மூணு நாளாச்சு. எனக்கு உன்ன மாதிரி எழுத வராது. பேசற மாதிரியே எழுதறேன்.

என் கை ஆடுது. இன்னைக்கு நேத்தில்ல. வின்னி போனாளே, அந்தக் குளிர்காலத்துலயே ஆரம்பிச்சிருச்சு. டாக்டர் அதுக்கு ஒரு பேர் சொன்னான். டீ கப்பையே ரெண்டு கையால புடிக்கிறவன் ரைஃபிளப் புடிச்சா நரிக்குப் பதிலா நிலாவத்தான் சுடுவேன். அன்னைக்கே தூக்கி வெச்சிட்டேன். இப்ப நரிக்கு வெஷம்தான் வெக்கிறோம்.

உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். அப்பத்தான் நீ நோலாவுக்கு எழுதினே, கிளெம் பெட்டி இல்லேன்னா காலைல எந்திரிக்கவே மாட்டேன்னு. அவ அந்த லெட்டரக் கையில வெச்சுக்கிட்டு, "நீங்க வாயத் தொறக்கக் கூடாது. அவன் அடைக்கட்டும். சுடறத நான் பாத்துக்கிறேன்"னா.

அதான் நடந்துச்சு. சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு பேரும் வண்டிய எடுத்துட்டு வறண்ட ஏரிக்குப் போவோம். அவ கரையப் பாத்து ஒவ்வொண்ணா சுடுவா. நான் வண்டில உக்காந்து குதிரை ரேஸ் கேப்பேன். "இன்னும் கொஞ்சம் ஈயம் ஏத்தினே, அரசாங்கம் இந்தக் கரைய சுரங்கம்னு எழுதிக்கும்டி"ம்பேன். "நீங்க தோத்த காசுக்கு அத வெட்டித்தான் விக்கணும்"ம்பா. களிமண்ணு ஒட்டின ஜமுக்காளத்த விரிச்சு அதுமேல நின்னு சுடுவா, ஒரு கூடும் தவறக் கூடாதுன்னு. நீ பித்தளைய எண்ணுவேன்னு.

மே கடைசி சனிக்கிழமை பச்சைப் பெட்டியத் தொறந்தா. முதல் தோட்டா போச்சு. ரைஃபிளப் பின்னால பூட்டற போல்ட் இறுகிக்கிச்சு. உள்ளங்கையால அடிச்சுத் தொறந்தா. "மண்ணு ஏறிடுச்சு போல"ன்னா. மச்சான், போல்ட் அப்படி இறுகினா மருந்து கூடிப்போச்சுன்னு அர்த்தம், அது எனக்குத் தெரியும். அம்பது வருஷமா தெரியும். நிறுத்துடின்னு சொல்லியிருக்கணும். கடைசி ரேஸ், என் குதிரை முன்னால வந்துக்கிட்டிருந்துச்சு. "எண்ணெ போடு"ன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல.

ரெண்டாவதுல வெடிச்சிருச்சு.

வலது கண்ணு போச்சு. டப்போல பாத்துட்டு அங்கிருந்து சிட்னிக்கு அனுப்பினாங்க. இடது கண்ணுல பார்வை இருக்கு, ஆனா கொறைச்சல். ஆடற கையோட வண்டிய ஓட்டி அவளக் கோபார் வரைக்கும் நான்தான் கொண்டுபோனேன்.

வீட்டுக்கு வந்தப்ப உன் லெட்டர் கெடந்துச்சு. நான்தான் படிச்சுக் காட்டினேன். நாலாவது பாயிண்ட் வந்ததும் "திரும்பப் படிங்க"ன்னா. படிச்சேன். சிரிச்சா. கட்டோட சிரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தான். அப்பவும் சிரிச்சா. அப்புறம் பேப்பரக் கேட்டா. "கிளெம் ஒண்ணுகூடச் சுடல, சத்தியம்னு எழுதறேன். பொய் இல்லியே?"ன்னா.

நான் எழுதறது அவளுக்குத் தெரியாது. உண்மைய எழுதுடின்னு எத்தனையோ தடவ சொன்னேன். "அவன் தாங்க மாட்டான்"கறா. நீ தாங்குவேன்னு நான் நெனைக்கிறேன். இல்லேன்னாலும் தாங்கித்தான் ஆகணும். நாங்க தாங்கல?

கிளெம்


வில்காரா
14 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

கிளெம் எழுதிவிட்டதாக ஒப்புக்கொண்டான். நீ பதில் போடாததால்தான் ஒப்புக்கொண்டான். "நாலு வாரமாச்சு, உங்கண்ணன் செத்துகித்துப் போயிட்டாரா?" என்று தபால் பெட்டிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தான். மேவிஸ் உன் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டாள். தினமும் பால் பாட்டில் உள்ளே போகிறதாம். ஆகவே உயிரோடு இருக்கிறாய். உடம்பு எப்படி என்று நீயே எழுது.

என் கண்ணைப் பற்றி: வலிக்கவில்லை. காப்பி ஊற்றும்போது கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறேன். தைக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தை இரண்டு நாளாக எழுதுகிறேன். அவ்வளவுதான். குறைத்துச் சொல்லவில்லை.

இப்போது நீ எழுதாமல் விட்டதைப் பற்றி. 'வயதானவனின் கவனக்குறைவு' என்று எழுதினாயே, அது பொய். அன்று காலை என்ன நடந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. நீ தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாய். நான் கதவில் சாய்ந்து நின்று, வின்னி முதல்முறை பிளம் ஜாம் செய்து பாதிரியாருக்குக் கொடுத்த கதையைச் சொன்னேன். "உப்புக்கும் சக்கரைக்கும் வித்தியாசம் தெரியாதவளையா கட்டினே நீ?" என்றேன். நீ திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். வின்னி போனபிறகு நீ சிரித்து அன்றுதான் பார்த்தேன். கண்ணில் நீர் வர, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு உட்கார்ந்து நேராக மருந்தை ஊற்றத் தொடங்கினாய். மேசையில் பேச்சில்லை என்பது உன் சட்டம். எனக்குத் தெரிந்தே உடைத்தேன்.

உன் கடிதத்தைக் கிளெம் படித்தபோது முதலாவது குறிப்பிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் பேசினேன் என்பதை நீ மறைத்திருந்தாய். நீ மறைத்ததால் நானும் மறைத்தேன். சரிக்குச் சரி என்று நினைத்தேன். அது சரியில்லை என்று இப்போது தெரிகிறது. நீ அங்கே பிரஸை விற்கலாமா என்று தவித்துக்கொண்டிருந்தபோது நான் காலிக் கூடுகளை அனுப்பி 'அடைத்து வை' என்று எழுதினேன். எந்தக் கையால் சுடுவேன், எந்தக் கண்ணால் பார்ப்பேன் என்று நினைத்து எழுதினேனோ.

இன்னும் ஒன்று. முதல் வருஷம் உனக்காகச் சுட்டேன். அப்புறம் எனக்கே பிடித்துவிட்டது. ஆட்டுக்கும் வீட்டுக்கும் புருஷனுக்கும் ஓடினவளை அந்த ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தோளில் விழும் அடி பிடித்திருந்தது. எல்லாத் தியாகத்தையும் என் தலையில் வைக்காதே.

எழுது, அண்ணா. திட்டியாவது எழுது.

நோலா


பாதர்ஸ்ட்
4 நவம்பர்

அன்புள்ள நோலா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கிளெம்மிடம் நான் சாகவில்லை என்று சொல். அவன் கடிதத்துக்கு நன்றி என்றும் சொல். அவன் ரேஸ் கேட்டதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. அதை அவன் தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பான் என்று தெரியும்.

செப்டம்பரிலிருந்து உனக்குப் பல கடிதங்கள் எழுதினேன். எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன். எல்லாம் மன்னிப்பில் தொடங்கி, நான் எவ்வளவு ஒழுங்கானவன் என்பதில் முடிந்தன. ஒருமுறை ரயில் நிலையத்துக்குப் போய் டப்போவுக்கு டிக்கெட் வாங்கினேன். வண்டி வருவதற்குள் கவுண்டருக்குப் போய்த் திரும்பக் கொடுத்துவிட்டேன். உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. அதைவிட, நீ என் முகத்தை எந்தக் கண்ணால் பார்ப்பாய் என்ற நினைப்புத்தான் காலைத் திருப்பியது. இதை எழுதுவதும் கோழைத்தனமாகவே இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

போன வாரம் வின்னியின் அலமாரியைத் திறந்து வெடிமருந்து டின்களை வெளியே எடுத்தேன். நம் அப்பா பழைய மருந்தைத் தோட்டத்தில் தூவுவாரே, புல்லுக்கு நல்ல உரம் என்று, அதேபோலக் கொல்லைப்புறம் முழுக்க மெல்லியதாகத் தூவினேன். மறுநாள் நல்ல மழை. இன்று காலை பார்த்தால் புல் முளைத்து வருகிறது. கை அசைந்த இடமெல்லாம் வளைந்து வளைந்து பச்சைக் கோடு. கேப்புகளைக் கிளப்புக்குக் கொடுத்தாயிற்று. பிரஸை மட்டும் மேசையிலிருந்து கழற்றவில்லை. திருகாணி துருப்பிடித்திருக்கிறது என்று காரணம் வைத்திருக்கிறேன்.

ஜாம் கதை. ஆம், அதை மறைத்தேன். உன்மேல் பழி வரக் கூடாது என்று மறைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவும் இல்லை. அந்தச் சிரிப்பை யாரிடமும் கணக்கில் காட்ட மனம் வரவில்லை. மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்தது அது ஒன்று. அது உன் கண்ணை எடுத்துக்கொண்டது என்று இப்போது தெரிந்தும், சிரித்திருக்கக் கூடாது என்று எழுதப் பேனா எடுத்தால் எழுத வரவில்லை. அதற்கும் சேர்த்து என்னை மன்னிக்க முடியுமானால் மன்னி.

நேற்று மறுபடி டிக்கெட் வாங்கினேன். இந்த முறை கவுண்டரில் திரும்பக் கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கத் தைரியமில்லை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரை என்னை வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோபார் பஸ் நிறுத்தத்தில் இறங்குவேன். கிளெம் மட்டும் வரக் கூடாது. நீயும் நிற்க வேண்டும். தோட்டா எதுவும் கொண்டுவரவில்லை. ஆறு பாட்டில் பிளம் ஜாம் கொண்டுவருகிறேன். வின்னி செய்முறைப்படி நானே செய்தது. சர்க்கரைதானா என்று நாக்கில் வைத்துப் பார்த்தேன், இரண்டு முறை.

எதையும் தொடங்கிய இடத்தில் முடித்தால்தான் எனக்கு மனம் ஆறும். ஜூன் மாதம் உனக்கு நான்கு குறிப்புகள் எழுதினேன். முதலாவது, என்ன தவறு நடந்தது என்பது: சரியாகவே எழுதினேன், ஒரு சிரிப்பை மட்டும் விட்டுவிட்டு. இரண்டாவது, கிளெம் என்ன செய்ய வேண்டும் என்பது: சரிதான், ஒரு வாரம் பிந்திவிட்டது. மூன்றாவது, மறுபடி நடக்காது என்பது: புல்லைப் பார்த்தால் உண்மை என்றே தோன்றுகிறது.

நான்காவது, இதில் உனக்குச் சம்பந்தம் எதுவும் இல்லை என்று எழுதினேன். அது தவறு, நோலா.

லிண்ட்சே